பத்தாயிரத்து ஒன்று உடையுமா?

1

இந்தக் கதை எனக்கு டிராமில் கிடைத்தது. லஸ்ஸில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்து யார் வீட்டுக் கல்யாணத்தையோ பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஆயிரத்தொண்ணு ஏழுல உடைஞ்சிடும்டி. அதான் ஏழாம் வருசம் அவ பொறந்த வூட்டுக்கே வந்துட்டா" என்றாள் ஒருத்தி.

"ஏழுல மட்டுமா?" என்றாள் மற்றவள், எல்லாம் தெரிந்த குரலில்.

அதற்குள் என் இடம் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன். (இறங்காமல் போயிருந்தால் மீதியை அவர்களே சொல்லியிருப்பார்கள். உங்களுக்கும் இதைவிட நல்ல கதை கிடைத்திருக்கும்.)

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் வகுத்துப் பார்த்தேன். ஆயிரத்து ஒன்று ஏழில் உடைந்தது. பதினொன்றில் உடைந்தது. பதின்மூன்றிலும் உடைந்தது. உடைவது என்றால், மீதி வைக்காமல் சமபங்காகப் பிரிவது. அவ்வளவுதான். மேற்கொண்டு கணக்கு எதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

நான் வளர்ந்தது கடைத்தெருவில். அங்கே எண் என்றால் விலை. விலை என்பது சொல்கிறவன் வயிற்றையும் கேட்கிறவன் செருப்பையும் பொறுத்து மாறுவது. ஓர் எண்ணுக்கென்று தனிக் குணம் உண்டு, எத்தனை கத்தினாலும் அதில் அரைக்கால் குறையாது என்பது எனக்குப் புது விஷயமாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. அந்தக் கோபத்திலேயே எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி:

"மயிலாப்பூர்க் குளத்தில் சூரியன் தன் பொற்கிரணங்களை—" வேண்டாம். குளத்துக்குச் சூரியன் தினம் வருகிறான், யாரும் எழுதுவதில்லை.

"வசந்திக்குப் பத்தொன்பது வயது. பத்தொன்பது எதிலும் உடையாத எண். அதைப் போலவே அவள் உள்ளமும்—" ஐயோ.

"மயிலாப்பூர் பாக்கு மண்டி கோதண்டபாணி, தம் மகள் வசந்தியின் கல்யாணத்துக்குப் பத்தாயிரத்து ஒரு கொட்டைப்பாக்கு சீராகத் தருவதென்று ஒப்புக்கொண்டார்."

இது தேறும். சரக்கு என்ன, எவ்வளவு, யார் தலையில் என்பதெல்லாம் ஒரே வரியில் வந்துவிட்டது.

2

பெண் பார்க்க வந்தவள் தேவானை. மாம்பலத்தில், சில வருஷம் முன்புவரை ஏரியாக இருந்து இப்போது தியாகராய நகர் ஆகியிருக்கும் இடத்தில், புது வீடு. கூடவே மகன் மாசிலாமணி. தேவானையின் புருஷரும் வந்திருந்தார். ஆனால் அவர் தலைக்கணக்குக்கு மட்டும்தான், பேச்சுக்கு இல்லை.

தேவானைக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. வசந்தி தலையில் எத்தனை முழம் பூ என்று கேட்கவில்லை. எத்தனை பூ என்று கேட்டாள். காப்பி கொண்டுவந்து வைத்தவளை அப்படியே நிறுத்தி, வாயைத் திறக்கச் சொன்னாள். தொடவில்லை. கண்ணாலேயே எண்ணினாள்.

"முப்பது" என்றாள் மகனிடம். "ரெண்டு இன்னும் வரணும். வரும்."

வசந்தி வாயை மூடினாள். இந்த வீட்டுக்கு நான் வாழப் போகமாட்டேன் என்று அப்போதே தீர்மானித்துவிட்டாள். அங்கே போனால் தான் சிரித்தது, தும்மியது, குடத்தில் மொண்டது எல்லாமே சாயங்காலத்துக்குள் கூட்டித் தொகை போடப்பட்டுவிடும். கடுகு தாளித்தால்கூட எத்தனை வெடித்தது என்று அந்த அம்மாள் காது கொடுப்பாள்.

வசந்தி சமையலறைக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். கூடத்தில் பேரம் தொடங்கியது. நான் பார்த்த பேரங்களிலேயே இது தலைகீழ்ப் பேரம்: கொடுக்கிறவர் ஏற்றிக்கொண்டே போக, வாங்குகிறவள் வேண்டாம் வேண்டாம் என்றாள்.

"சீர்ப் பாக்கு எத்தினி?"

"நூத்தியொண்ணு வச்சுடலாம்மா" என்றார் கோதண்டபாணி.

"நூத்தியொண்ணு உடையாத எண்ணுதான். ஆனா மண்டி நெறைய மூட்டைய வச்சுக்கினு நூத்தியொண்ணா? சனம் சிரிக்காது?"

"அப்ப ஆயிரத்தொண்ணு."

"என் நாத்தனாருக்கு ஆயிரத்தொண்ணு குடுத்துத்தான் அந்தக் கதி. ஏழாம் வருசம் உடைஞ்சுது. ஏழுல தப்பியிருந்தா பதினொண்ணுல மாட்டியிருப்பா. அதுலயும் தப்பியிருந்தா பதிமூணு காத்துக்கினு இருந்திச்சு."

கோதண்டபாணிக்கு வியாபார ரத்தம் சூடேறியது. "லட்சத்து ஒண்ணு!" என்றார்.

சமையலறையில் அவர் மனைவி முத்தம்மா டம்ளரைக் கீழே போட்டாள்.

தேவானை இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று விரல்களில் கூட்டினாள். "பதினொண்ணுல உடைஞ்சு போவுதே அண்ணே. வேணாம்."

முத்தம்மா மூச்சு விட்டது கூடம்வரை கேட்டது.

பத்தாயிரத்து ஒன்றில் வந்து நின்றார்கள்.* தேவானை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "வூட்டுக்குப் போய்ப் பாத்துட்டுச் சொல்லி அனுப்பறேன். ஆனா ஒண்ணு. எண்ணு உடைஞ்சா சம்பந்தமும் உடைஞ்சுது. யார் உடைச்சாலும் சரி, நான் எழுந்து போய்க்கினே இருப்பேன்."

யார் உடைத்தாலும்! கதவுக்குப் பின்னால் வசந்தி அதைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஆள் வந்தது. இரண்டில் தொடங்கி அறுபத்துநாலு வரை தேவானை வகுத்துப் பார்த்துவிட்டாளாம்; உடையவில்லையாம். அறுபத்துநாலோடு ஏன் நிறுத்தினாள்? அவர்கள் வம்சத்தில் பங்காளிகள் மொத்தம் அறுபத்துநாலு பேர். சீர்ப் பாக்கு அவர்களுக்குத்தான் பங்கு போகும். அதற்கு மேல் கை நீட்ட ஆள் இல்லை. ஆள் இல்லாத பங்குக்கு வகுப்பானேன்?

(* உஷாரான வாசகர் ஒருவர் கை தூக்குகிறார். ஆறு பாக்கு கூடப் போட்டால் பத்தாயிரத்து ஏழு, அது எதிலும் உடையாதே என்கிறார். உண்மைதான் ஐயா. ஆனால் சீர் ஒன்றில் முடியவேண்டும். ஏழில் முடித்தால், 'எண்ணத் தெரியாமல் கையில் வந்ததைப் போட்டுவிட்டான்' என்பார்கள். பத்து லட்சத்து ஒன்று? அது நூற்றொன்றில் உடையும். அதைக் கோதண்டபாணியிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் கோடிக்குப் போய்விடுவார்.)

3

மாசிலாமணி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனை என்ன செய்வதென்று எனக்கும் விளங்கவில்லை.

"மாசிலாமணியின் கண்களில் ஒரு விதமான—" ஒரு விதமும் இல்லை. சாதாரணக் கண்.

கெட்டவனாக்கலாம் என்றால் மனசு வரவில்லை. இருபத்துநாலு வருஷமாக எண்ணப்பட்டவன். நல்லவனாக்கினால் வசந்தி எதற்காக ஓடுகிறாள் என்று நீங்கள் என் சட்டையைப் பிடிப்பீர்கள். ஆகையால் இப்போதைக்கு அவனை ஓர் ஓரமாக உட்காரவைத்துக் கையில் ஒரு விசிறி கொடுத்திருக்கிறேன். விசிறிக்கொண்டிருக்கட்டும்.

வசந்தி அப்பாவிடம் நேராகவே போனாள்.

"நைனா, எனக்கு அந்த வூடு வேணாம்."

"ஏம்மா? சொந்த வூடு. பனகல் பார்க் காத்து."

"அந்தம்மா என் பல்லை எண்ணுது."

"சுத்தமா கீதான்னு பாத்திருக்கும்."

"நாளைக்கு என்னையே மூட்டையில கொட்டி எண்ணும்."

"வாக்கு குடுத்துட்டேனே கண்ணு" என்றார் கோதண்டபாணி. அவருக்கும் தேவானை மேல் பயம். "நான் பின்வாங்கினா மண்டியில ஒரு பய என் பேச்சை நம்பமாட்டான். அவங்களா எழுந்து போனாத்தான் உண்டு."

4

பக்கத்து வீடு அத்தர் வியாபாரி வீடு. அவர் மகள் ஷாகிரா, வசந்தியோடு ஒரே பெஞ்சில் படித்தவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மார் உயரச் சுவர். மத்தியானத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று ஊரைப் பேசும் இடம் அதுதான்.

"எதுவரைக்கும் பாத்திருக்காங்க?" என்றாள் ஷாகிரா.

"அறுபத்துநாலு."

"அங்க ஏன் நின்னுட்டாங்க?"

"பங்காளி தீர்ந்துபோச்சாம்."

ஷாகிரா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அரே, பத்தாயிரத்து ஒண்ணுக்கு உங்க மாமியார் பங்காளியைத் தெரியுமாடி?"

"மாமியார்ங்காதே. எதுவரைக்கும் போவணும், அதைச் சொல்லு. பத்தாயிரம் வரைக்கும் வகுத்தா கல்யாணம் முடிஞ்சு வளைகாப்பே வந்துடும்."

"நூறு போதும். நூறை நூறால பெருக்கினா பத்தாயிரம். ரெண்டு துண்டும் நூறைத் தாண்டிச்சுன்னா பெருக்கும்போது எங்கயோ போய்டும். உடையறதா இருந்தா ஒரு துண்டு நூத்துக்குள்ள சிக்கியே ஆவணும். அதுலயும் எல்லாம் வேணாம். அஞ்சுல உடையாதது அறுபத்தஞ்சுல எப்படி உடையும்?" அவள் விரலை மடக்கினாள். "அறுபத்தேழு, எழுபத்தொண்ணு, எழுபத்துமூணு, எழுபத்தொம்பது, எம்பத்துமூணு, எம்பத்தொம்பது, தொண்ணூத்தேழு. ஏழே ஏழுதான் பாக்கி."

"ஏழும் உடைக்கலைன்னா?"

"மாம்பலம் போய் வாயைத் திறந்து காட்டிக்கினே இரு."

வசந்தி அடுப்புக்கரி எடுத்துவந்து சுவரிலேயே போட்டாள். அறுபத்தேழு: பதினெட்டு மீதி. எழுபத்தொன்று: அறுபத்தொன்று மீதி.

"இது கிட்டவே வரலை" என்றாள்.

"போடு போடு."

எழுபத்துமூன்று. நூறில் ஒரு தடவை, இருபத்தேழு மீதி. சைபரை இறக்கினாள். இருநூற்றெழுபதில் மூன்று தடவை, ஐம்பத்தொன்று மீதி. கடைசி ஒன்றை இறக்கினாள். ஐந்நூற்றுப் பதினொன்று.

"ஏழு எழுபத்துமூணு எவ்ளோ?" என்றாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஐந்நூத்துப் பதினொண்ணு" என்றாள் ஷாகிரா. அவள் குரல் கீச்சென்றது.

(இந்த இடத்தில் ஒரு குயில் கூவவேண்டும். கூவவைத்துப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.)

எழுபத்துமூன்று பங்கு, பங்குக்கு நூற்று முப்பத்தேழு. மீதி இல்லை. எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது. எத்தனை சாதுவான எண்! நடுவில் மூன்று சைபரை வைத்துக்கொண்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று நிற்கிறது. அதன் மடியில் இந்த இரண்டு கோணல் எண்களும் இருக்குமென்று யார் நினைப்பார்கள்? எங்கள் தெருவில் ஜவுளி வாங்க வரும் சில அம்மாக்கள் அப்படித்தான்.

5

கரிக்கணக்கைத் தேவானை நம்பமாட்டாள். கண்ணெதிரே பங்கு வைத்துக் காட்டவேண்டும். ஆகவே பாக்கு வாங்கிப்போக அவள் புருஷரோடும் மகனோடும் வரும் காலையில், வசந்தியும் ஷாகிராவும் கூடத்தில் மூட்டையைக் கவிழ்த்துவிட்டார்கள்.

தேவானை வாசற்படியிலேயே நின்றாள். கூடம் முழுக்கப் பாக்குக் குவியல். கால் வைக்க இடமில்லை.

"இன்னா இது, மண்டியை வூட்டுக்குள்ள கொண்டாந்துட்டீங்களா?"

"எழுபத்துமூணு குவியல்ங்க" என்றாள் வசந்தி. "ஒவ்வொண்ணுலயும் நூத்தி முப்பத்தேழு. மீதி ஒண்ணும் இல்லை. எண்ணு உடைஞ்சுபோச்சு."

கோதண்டபாணி தூணைப் பிடித்துக்கொண்டார். தேவானை புடவையைத் தூக்கிப் பிடித்து, குவியல்களுக்கு நடுவே கொக்கு மாதிரி நடந்தாள். குவியல்களை எண்ணினாள். பிறகு அவளாக மூன்று குவியல்களைப் பொறுக்கி, உட்கார்ந்து எண்ணினாள். மாசிலாமணி ஓரத்தில் உட்கார்ந்து விசிறினான். (இன்னும் அவனுக்கு வேறு வேலை தோன்றவில்லை.)

தேவானை நிமிர்ந்தாள். "உடையலை" என்றாள்.

"எப்படிங்க?"

"எழுபத்துமூணு பேர் எங்க இருக்காங்க? எங்க வம்சம் அறுபத்துநாலு. ஆள் இல்லாத குவியலைக் காட்டி உடைஞ்சுதுன்னா ஆச்சா? அப்படிப் பாத்தா பத்தாயிரத்தொரு குவியல் வச்சு, குவியலுக்கு ஒரு பாக்குன்னு சொல்லேன். அதுலயும்தான் மீதி இருக்காது!"

வசந்திக்குக் கண் கலங்கியது. இந்த வாதத்தில் பிடித்துக்கொள்ளவே இடமில்லை. கோதண்டபாணி தூணை விட்டார்.

அப்போது சமையலறையிலிருந்து முத்தம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இந்த வம்பு எதுவும் தெரியாது. காலையிலிருந்து சம்பந்தி விருந்துக் கவலையில் இருந்தாள். "ஏங்க, அவங்க அறுபத்துநாலு பேர், நம்ம வூட்டுல ஒம்போது. மொத்தம் எழுபத்துமூணு இலை அறுக்கணும், இல்லியா?"

ஷாகிரா குவியல்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள் ஷாகிரா மெதுவாக, தேவானையைப் பார்த்து. "தாலி ஏறின பிறகு பொண்ணு வூட்டுக்கும் பாக்குல பங்கு உண்டா?"

தேவானை எண்ணுகிறவள்தான், ஏமாற்றுகிறவள் இல்லை. "உண்டு" என்றாள். "அது எங்க வழக்கம்." சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. எழுந்தாள்.

"கல்யாணம் ஆனா எழுபத்துமூணு பேர். எண்ணு உடைஞ்சுது. உடைஞ்சா கல்யாணம் இல்லை. நான் போறேன்." வாசல்வரை போனாள். நின்றாள். "ஆனா கல்யாணம் இல்லைன்னா இந்த ஒம்போது பேர் எங்களுக்கு யாரோ. நாங்க அறுபத்துநாலுதான். அப்ப எண்ணு உடையலை." திரும்பி வந்தாள். "உடையலைன்னா கல்யாணம் உண்டு." உட்கார்ந்தாள். "உண்டுன்னா எழுபத்துமூணு..." எழுந்தாள்.

இப்படி எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தாள் என்று நான் எண்ணவில்லை. அவளே எண்ணிக்கொண்டிருந்தாள்.

6

எனக்கு இங்கே பேனா நின்றுவிட்டது. கல்யாணம் நடந்தால் நடக்கக்கூடாது, நடக்காவிட்டால் நடக்கலாம் என்று ஆன பிறகு, எழுதுகிறவன் என்ன செய்வான்? மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். விரித்துக் காட்டுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. பங்காளி வீட்டில் ஒரு குழந்தை பிறக்கிறது. எழுபத்துநாலு பேர். எழுபத்துநாலில் உடையாது. மங்களம்.

இரண்டு. பெண் வீட்டில் ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டு காசிக்குப் போகிறார். எழுபத்திரண்டு. அதிலும் உடையாது. மங்களம்.

மூன்று. நானே எழுபத்துநாலாவது ஆளாகப் போய்ப் பந்தியில் உட்கார்கிறேன். மங்களம். ஒரு வேளைச் சாப்பாடும் ஆயிற்று.

கவனித்தீர்களா? மூன்றிலும் எல்லாருக்கும் மங்களம், வசந்திக்கு மட்டும் மாம்பலம். அவள் கூடத்தின் நடுவில் நின்று, என்னையும் சேர்த்துத்தான் முறைத்தாள். பிறகு குனிந்தாள். காலடியில் இருந்த குவியலிலிருந்து ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டு—

கடக்.

"இன்னாடி பண்ணே?" என்றாள் தேவானை. அவள் பாதி எழுந்த நிலையில் இருந்தாள்.

"பாக்கு போட்டேன்."

"ஐயையோ, எண்ணு!"

"இப்ப பத்தாயிரம்" என்றாள் வசந்தி, கன்னத்தில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு. "ரெண்டுல உடையும். எழுபத்துமூணு பேரைத் தேடிக்கினு இருக்க வேணாம். ரெண்டு பேர் இருந்தாப் போதும்."

என் மூன்று முடிவும் பத்தாயிரத்து ஒன்றுக்கு எழுதியவை. மூன்றையும் சுருட்டி வைத்தேன். சரி, கதை முடிந்தது, பெண் தப்பித்தாள் என்று கோடு போடப் போனேன்.

அப்போது மாசிலாமணி விசிறியைக் கீழே வைத்தான்.

சத்தியமாக நான் சொல்லவில்லை. அவனாக எழுந்தான். அவனுக்குப் பக்கத்தில் இருந்த குவியலிலிருந்து ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டுக் கடித்தான். அவன் பல் கொஞ்சம் வலித்திருக்கும், முகம் கோணியது.

"ஒம்போதாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது" என்றான் வசந்தியைப் பார்த்து. இந்தக் கதையில் அவன் பேசிய முதல் பேச்சு. "இது ரெண்டுல உடையாது."

வசந்தி இப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"டேய், மூணுல உடையும்டா!" என்று கத்தினாள் தேவானை.

"உடையட்டுமே. நடுவுல மூணாவது ஆள் யாரும்மா?"

கோதண்டபாணி உத்தரத்தைப் பார்த்தார். ஷாகிரா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தேவானையின் புருஷர், வந்ததிலிருந்து முதல் தடவையாக, இருமினார்.

"நான் ஒத்துக்கமாட்டேன்" என்றாள் தேவானை கடைசியில். "நீ தின்னது ஒண்ணா ரெண்டான்னு யார் கண்டா? முதல்லேருந்து எண்ணணும். எண்ணி முடிச்சு வர்ற தொகைதான் கணக்கு. அதுக்கப்புறம்தான் நான் எழுந்து போறதும் உட்காருறதும்." எல்லாக் குவியல்களையும் கையால் வழித்து ஒன்றாக்கினாள். அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

இப்போது நிலவரம் இதுதான். தேவானை எண்ணிக்கொண்டிருக்கிறாள். வசந்தி இன்னொரு பாக்கை எடுத்து விரல் நடுவில் வைத்திருக்கிறாள். அதை அவள் வாயில் போட்டால் தொகை மறுபடி இரண்டில் உடையும். குவியலில் திரும்ப வைத்தால் உடையாது. எதிரே மாசிலாமணி, மென்று முடிக்க முடியாமல், அவள் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

நான் டிராமுக்குப் போகவேண்டும். நீங்கள் உள்ளே போய் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். முத்தம்மா காப்பி கொடுப்பாள். நான் கிளம்பும்போது தேவானை நாலாயிரத்துச் சொச்சத்தில் இருந்தாள். தயவுசெய்து பேச்சு மட்டும் கொடுக்காதீர்கள். விட்டால் அவள் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.